எதிர்ல வர்றவன் கண்ணு

"ஒரு மாசமாச்சு. இன்னும் துருவைத்தான் தொடைச்சுட்டு இருக்கேன். தொழிலை எப்ப சொல்லித் தருவே?"

நான்தான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டேன்.

ஷமீமா நிமிந்து பாக்கலை. ஒரு பழைய காருக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்திருந்தா. கையில எண்ணெய்க் குப்பி. ஹெட்லைட்டுக்கு உள்ள இருந்த ஒரு ஸ்க்ரூ மேல ஒரு சொட்டு விட்டா.

"கேக்குதா மாஸ்டர்?"

"கேக்குதுங்ணா."

"பதிலு?"

இன்னொரு சொட்டு விட்டா.

அவ்வளவுதான் பதிலு.

அவளுக்கு வயசு இருபத்தொம்பது. எனக்கு நாப்பத்தாறு. மேட்டுப்பாளையத்துல, உருளைக்கிழங்கு மண்டிக்கு எதிர்ல அவளோட கடை. வண்டிக்கு லைட்டு, ஒயரு, பேட்டரி வேலை. மில்லை மூடினதுக்கு அப்புறம் கைத்தொழில் ஏதாவது கத்துக்கலாம்னு கெளம்பினவன் நான். மில்லுல சங்கத்துக்காகப் பேசற ஆளு. நஞ்சப்பன் வாயைத் தொறந்தா மேனேஜரு எந்திரிச்சு ஃபேனைப் போடுவாருன்னு சொல்லுவாங்க.

அதுக்கு முன்னாடி மூணு ஒர்க்‌ஷாப்புல சேந்தேன். மூணுலயும் வாய்தான் என்னை வெளிய அனுப்புச்சு.

இவ மட்டும் அனுப்பலை. ஏன்னு கேட்டேன்.

"ரேடியோ ரிப்பேருங்ணா. நீங்க இருக்கறது பரவால்ல"ன்னா.

காரு டெய்சி சிஸ்டரோடது. கோத்தகிரி மலையில முப்பத்தஞ்சு வருஷம் பிரசவம் பாத்த நர்ஸு. இப்ப ரிட்டயர்டு. காருக்கு அறுபது வயசு. கிட்டத்தட்ட அவங்க வயசுதான்.

புதன்கிழமை காலையில மலையெறங்கி வந்தாங்க.

"எதிர்ல வர்றவன் எல்லாம் என்னைத் திட்டறான் ஷமீமா. வலது லைட்டு அவன் கண்ணுல அடிக்குது. எடது லைட்டு மரத்து மேல கொரங்கு தேடுது."

"பாத்துடலாம் சிஸ்டர்."

"போன வாரம் ஒரு பைக்காரன். கண்ணு கூசி ரோட்டை விட்டே எறங்கிட்டான். இன்னும் ரெண்டடி போயிருந்தா பள்ளம். பின்னாடி பொண்டாட்டி, மடியில கொழந்தை."

வலது லைட்டை முந்தானையால தொடைச்சாங்க. அப்புறம் சொன்னாங்க.

"கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஓட்டல்காரரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றாரு. காரை வாசல்ல நிறுத்தி உள்ள பூச்செடி வெக்கப்போறாராம். எதிர்ல வர்றவன் கண்ணு கூசாம இது ஓடும்னா நானே வெச்சுக்கறேன். இல்லைன்னா குடுத்துடறேன். என் ஆசைக்காக இன்னொருத்தன் பள்ளத்துல விழ வேண்டாம்."

நான் கேட்டேன், "குடுக்கறதுக்கு மனசு வருமுங்களா?"

பானெட்டு மேல கைய வெச்சாங்க.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே வலி முத்திருச்சுன்னா என்ன பண்றது தம்பி? ரோட்டோரத்துல, இந்த லைட்டு வெளிச்சத்துல, ரெண்டு கொழந்தையை எடுத்திருக்கேன். மனசு எப்படி வரும்?"

பஸ்ஸேறிப் போனாங்க. ஏறுறதுக்கு முன்னாடி மூணு தடவை திரும்பிப் பாத்தாங்க.

விஷயம் சின்னது. ஒவ்வொரு லைட்டுக்கும் ரெண்டு ஸ்க்ரூ. மேல இருக்கறதைத் திருப்பினா வெளிச்சம் ஏறும், எறங்கும். பக்கத்துல இருக்கறதைத் திருப்பினா இடம் வலம் போகும். நாலும் துருப்பிடிச்சு, திரும்பவே மாட்டேன்னு ஒக்காந்திருச்சு. நாலையும் கழட்டிட்டுப் புதுசு போடணும்.

புதுசு எந்தக் கடையிலயும் இல்லை. ஷமீமா லேத்துல குடுத்து பித்தளையில நாலு கடைஞ்சு வாங்கிட்டா.

ஆனா லைட்டைத் தாங்கற கிண்ணம் இருக்கு பாருங்க, அது லேத்துல வராது. மெல்லிசுத் தகரம். அதோட விளிம்புல ஒரு சின்னக் காது. அந்தக் காதுலதான் ஸ்க்ரூ நிக்கும். ஸ்க்ரூவை இழுத்தா காதும் கூட வந்துரும்.

அதான் சொட்டுச் சொட்டா எண்ணெய்.

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடறே மாஸ்டர்? கண்ணாடி நடுவுல கருப்புப் பொட்டு ஒண்ணு ஒட்டி அனுப்பு. ஊருல பாதி லாரி அப்படித்தான் போகுது."

ஷமீமா எந்திரிச்சா. டிராயர்ல இருந்து ரெண்டு கருப்பு ஸ்டிக்கரை எடுத்தா. என் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி, ரெண்டு பக்கமும் நடுவுல ஒண்ணொண்ணு ஒட்டி, திரும்ப மாட்டி விட்டா. கோணலா மாட்டி விட்டா.

"இப்ப?"

"ஒண்ணும் தெரியலை!"

"கோணலு போச்சுங்களா?"

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஸ்டிக்கரைப் பிச்சு எடுக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. பசை கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, அன்னைக்கு முழுக்க உலகம் மங்கலாத் தெரிஞ்சுது.

"இன்னும் எத்தனை சொட்டு?"

"விடற வரைக்கும்."

"யாரு? நான் உன்னை விடற வரைக்குமா?"

"ஸ்க்ரூ காதை விடற வரைக்கும்."

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள மூணு ஸ்க்ரூ வந்துருச்சு. அவ கையில வந்துச்சு. முன்னாடி அரைச் சுத்து, பின்னாடி கால் சுத்து. முன்னாடி அரை, பின்னாடி கால். பாக்கறதுக்கே கடுப்பா இருக்கும். மில்லுல இப்படி வேலை செஞ்சா ஷிஃப்டு முடிஞ்சு போயிருக்கும்.

நாலாவது, வலது லைட்டோட மேல் ஸ்க்ரூ.

ஸ்க்ரூ டிரைவரை என் கையில குடுத்தா.

"இது உங்களுக்குங்ணா. நான் போய் சாப்பிட்டு வந்துடறேன். அது முரண்டு பிடிச்சா நிறுத்திடுங்க."

"ம்."

"நீங்க முரண்டு பிடிச்சாலும் நிறுத்திடுங்க."

போயிட்டா.

அரை முன்னாடி. கால் பின்னாடி. அரை முன்னாடி. நின்னுருச்சு.

நிறுத்தியிருக்கணும்.

ஒரு மாசம் துரு தொடைச்சவன் நான். அறுவது வயசுத் தகரம் எனக்கு மாட்டேங்குதான்னு ஒரு வேகம். ரெண்டு கையாலயும் ஒரு திருப்பு.

'டக்'குன்னு ஒரு சத்தம். ஸ்க்ரூவோட தலை டிரைவர் முனையில. காது கீழ, மண்ணுல.

ஷமீமா டிபன் பாக்ஸோட திரும்பி வந்தா.

"என்னாச்சுங்ணா?"

"உடைஞ்சிருச்சு."

டிபன் பாக்ஸைக் கீழ வெச்சா.

"என்னாச்சுங்ணா?"

"உடைஞ்சிருச்சுங்கறேன். காது கேக்கலையா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா. அதே மொகம். அதே கொரலு.

"என்னாச்சுங்ணா?"

எனக்குப் பேசத் தெரியாதா என்ன? ஆரம்பிச்சேன். மலைப் பனி. அறுவது வருஷ மழை. துருவை எடுக்காம அது மேலயே பெயிண்டு அடிச்ச எவனோ ஒரு சோம்பேறி. முனை தேஞ்ச டிரைவரு. அந்த டிரைவரை என் கையில குடுத்தவ. எல்லாரையும் கூண்டுல ஏத்தினேன். கால் மணி நேரம்.

அவ கடைசி வரைக்கும் கேட்டா.

"சரிங்ணா. சிஸ்டருக்குப் போன் போட்டு வரச் சொல்றேன். இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"ஏன், நான் பயப்படுவேன்னு நெனச்சியா?"

"இல்லீங்ணா. நீங்க நல்லா பேசுவீங்க."

நாலு மணி பஸ்ஸுல வந்தாங்க.

நான் தயாரா இருந்தேன். மொதல்ல பனி, அப்புறம் பெயிண்டு, கடைசியா டிரைவருன்னு வரிசை போட்டு வெச்சிருந்தேன். அவங்க சத்தம் போட்டா என்ன சொல்லணும், அழுதா என்ன சொல்லணும், எல்லாம் ரெடி.

ஒடைஞ்ச காதைக் கையில வாங்கிப் பாத்தாங்க. ஒத்தை வெரலால தடவினாங்க. அப்பப் பொறந்த கொழந்தையோட காதைத் தடவுவாங்களே, அந்த மாதிரி.

"உடைஞ்சிருச்சுங்க சிஸ்டர்"ன்னேன்.

"ம். பழைய தகரம் தம்பி. அது என்ன பண்ணும் பாவம்."

சத்தம் போடலை. அழலை. என்னைப் பாத்து லேசா சிரிக்கக் கூட செஞ்சாங்க.

"பூச்செடிக்கு லைட்டு எதுக்கு? அவரை நாளைக்கு வரும்போதே எடுத்துக்கச் சொல்லிடறேன்."

பையில இருந்து போனை எடுத்தாங்க. நம்பரைத் தேடினாங்க. கண்ணாடி போடாம, போனைத் தூரமாப் பிடிச்சுத் தேடினாங்க.

யாராவது சண்டைக்கு வந்தா நான் ஜெயிச்சிருவேன். இந்தம்மா வரவே இல்லை. வரிசை போட்டு வெச்ச பேச்செல்லாம் வாய்க்குள்ளயே நின்னுச்சு.

ஷமீமா ஒரு ஒயரைச் சுருட்டிட்டு இருந்தா. எங்க பக்கம் திரும்பவே இல்லை.

"சிஸ்டர்."

"சொல்லு தம்பி."

"அது உடையலீங்க."

"என்னப்பா?"

"நான் உடைச்சுட்டேன். முரண்டு பிடிச்சா நிறுத்துன்னு சொல்லிட்டுப் போனா. முரண்டு பிடிச்சுது. நான் நிறுத்தலை."

தலை குனிஞ்சு நின்னேன். மில்லு கேட்டுல கூட நான் அப்படி நின்னதில்லை.

டெய்சி சிஸ்டர் போனைப் பைக்குள்ள போட்டாங்க.

"நன்றி தம்பி."

"எதுக்குங்க? உடைச்சதுக்கா?"

"இந்தக் காரு பன்னெண்டு மெக்கானிக் கையில போயிருக்கு. ஒரு கதவுக் கைப்பிடி போச்சு. ஒரு கண்ணாடி போச்சு. ஹாரன் போச்சு. எல்லாமே அதுவாத்தான் உடைஞ்சது. மொத மொதல்ல இன்னைக்குத்தான் ஒருத்தர் கையில உடைஞ்சிருக்கு."

ஷமீமா சிரிச்சா. ஒரு மாசத்துல அன்னைக்குத்தான் அவ பல்லைப் பாத்தேன்.

உள்ள போய் தகரம் வெட்டற கத்திரியை எடுத்துட்டு வந்து என் கையில வெச்சா.

"வாங்கண்ணா. காது செய்யலாம்."

எனக்கு ஒண்ணும் புரியலை. "காதைப் புதுசா செய்ய முடியுமா?"

"முடியுமுங்ணா."

"அப்ப மத்தியானமே சொல்லியிருக்கலாமில்ல?"

"மத்தியானம் அது தானா உடைஞ்சிருந்துச்சு. தானா உடைஞ்சதைத் தானாத்தான் ஒட்டிக்கணும். எனக்கு அந்த வேலை தெரியாதுங்ணா."

சண்டை போட வாயைத் தொறந்தேன். மூடிட்டேன்.

பெயிண்டு டப்பா மூடியை வெட்டித்தான் காது செஞ்சேன். மொத காது பெருசு. ரெண்டாவது காது கோணல். மூணாவது காதைத் துளை போடும்போது கிழிச்சேன்.

"கிழிச்சுட்டேன் மாஸ்டர்"ன்னேன்.

"இன்னொண்ணு வெட்டுங்க."

அவ்வளவுதான். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி இல்லை. உடைச்சேன்னு சொல்றது இவ்வளவு லேசான வேலையான்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு. நாப்பத்தாறு வருஷமா அதைச் சுமந்துட்டுத் திரிஞ்சிருக்கேன்.

நாலாவது காது சேந்துச்சு. கேஸ் வெச்சுப் பித்தளையை உருக்கி ஒட்டறதை, கிழிஞ்ச காதுல அவ ஒரு தடவை செஞ்சு காட்டினா. அடுத்ததை என் கையில விட்டா. கையைப் பிடிக்கலை. பக்கத்துல நின்னா. அந்த ஒரு ராத்திரிக்குள்ள அவ எனக்குக் குடுத்ததை மூணு ஒர்க்‌ஷாப்பும் சேந்து குடுக்கலை. குடுத்திருப்பாங்களோ என்னவோ, நான்தான் பேசிட்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில புது ஸ்க்ரூ நாலையும் மாட்டினேன். பளபளன்னு பித்தளை. பல்லைக் கடிச்சு, கடைசி வரைக்கும் இறுக்கினேன். இனி அறுவது வருஷத்துக்கு அசையக் கூடாது.

ஷமீமா வந்து லைட்டை லேசாத் தள்ளிப் பாத்தா. அசையலை.

"கழட்டுங்க."

"ஏன்? கெட்டியா இருக்குல்ல?"

"இது இறுக்கற ஸ்க்ரூ இல்லீங்ணா. நகத்தற ஸ்க்ரூ."

"ரெண்டும் ஸ்க்ரூதானே?"

"இறுக்கினது துருப்பிடிச்சுத்தான் இந்த வண்டி இங்க வந்துச்சு."

கழட்டினேன். பின்னாடி சின்னதா ஒரு ஸ்பிரிங்கு. அது லைட்டை ஸ்க்ரூ மேல சாய்ச்சுப் பிடிச்சிருக்கும். ஸ்க்ரூ நகந்தா லைட்டும் கூடவே நகரும். திரும்ப மாட்டி, பாதி இறுக்கத்துல விட்டேன். இப்பத் தள்ளினா லேசா அசைஞ்சுது, விட்டா எடத்துக்கு வந்துச்சு.

ஸ்க்ரூவுக்கு மேல கிரீஸ் தடவினேன். அவ சொல்லலை. நானாத் தடவினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டெய்சி சிஸ்டர் வந்தாங்க. அவங்க போன் அடிச்சுது. ஓட்டல்காரரு.

"காரமடை தாண்டிட்டாராம்"னாங்க. சாவிக் கொத்தைக் கையில இறுக்கிப் பிடிச்சுட்டாங்க.

காரை மண்டிச் செவுத்துக்கு இருவத்தஞ்சடி தள்ளி நிறுத்தினோம். செவுத்துல சாக்பீஸால ரெண்டு கூட்டல் குறி போட்டேன். டிரைவர் சீட்டுல சிஸ்டரை உக்கார வெச்சா ஷமீமா. ஓட்டறவங்க கனம் உள்ள இருக்கணுமாம்.

மண்டியில மூட்டை தூக்கறவங்க வேடிக்கை பாக்க வந்துட்டாங்க.

"என்ன நஞ்சப்பண்ணா, படம் ஓட்டறீங்களா?"

"ஆமா. உன் மூஞ்சிதான் வில்லன். தள்ளி நில்லு."

லைட்டைப் போட்டாங்க. நான் ஸ்க்ரூவைத் திருப்பினேன். வெளிச்சம் செவுத்துல மெதுவா எறங்குச்சு. மெதுவா வலமிருந்து இடம் வந்துச்சு. ரெண்டும் குறிக்குக் கீழ, ரெண்டு வெரக்கடை தள்ளி, அச்சா நின்னுச்சு.

"முடிஞ்சுது!"ன்னு கத்தினேன். மூட்டைக்காரங்க விசிலடிச்சாங்க.

"செவுரு திட்டாதுங்ணா"ன்னா ஷமீமா.

"என்ன?"

ஸ்டூலை எடுத்து என் கையில குடுத்தா. காரை ரோட்டோரத்துக்குத் திருப்பி நிறுத்தச் சொன்னா. அங்க தரை லேசா மேடு ஏறும். எதிர்ல அம்பதடி தள்ளி, காருக்கு வலது கைப்பக்கமா, பைக்குல வர்றவன் கண்ணு இருக்கற ஒசரத்துக்கு ஸ்டூலைப் போட்டு என்னை உக்காரச் சொன்னா. ஸ்க்ரூ டிரைவரை என் கையில இருந்து வாங்கிட்டா.

இருட்டிட்டு வந்துச்சு. கடை டியூப்லைட்டு வெளிச்சம் பக்கத்துல இருந்து கார் மேல விழுந்துச்சு.

"டிம்ல போடுங்க சிஸ்டர்."

போட்டாங்க. ரெண்டு வெள்ளை வட்டம். அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லை. காரு இல்லை, கடை இல்லை, ஷமீமா இல்லை.

"கூசுதாங்ணா?"

இல்லைன்னு சொல்லலாம். ஒரு வார்த்தைதான். காரு சிஸ்டரோடயே இருந்துரும். நான் செஞ்ச காதும் ஜெயிச்சிரும்.

"கூசுது"ன்னேன்.

ஸ்க்ரூ திரும்பற சத்தம் கேட்டுச்சு.

"இப்ப?"

"கூசுது."

வெள்ளைக் காரு ஒண்ணு வந்து நின்னுச்சு. கதவு தொறந்து யாரோ எறங்கினாரு. செண்டு வாசம்.

"சிஸ்டர், லேட்டாயிருச்சா? சாவியைக் குடுத்தீங்கன்னா டிரைவரு எடுத்துடுவான்."

"ஒரு நிமிஷம் இருங்க." சிஸ்டரோட கொரலு வெளிச்சத்துக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு.

"இப்பங்ணா?"

"எடது பக்கத்து லைட்டு சரி. வலது இன்னும் அடிக்குது. மேல் ஸ்க்ரூ."

"கால் சுத்து?"

"கால் வேண்டாம். அதுல பாதி."

மூட்டைக்காரங்க என் ஸ்டூலுக்குப் பின்னாடி வந்து நின்னாங்க.

வெளிச்சம் என் கண்ணை விட்டு எறங்குச்சு. சட்டைப் பைக்கு வந்துச்சு. முட்டிக்கு வந்துச்சு. என் காலுக்கு முன்னாடி ரோட்டுல போய்ப் படுத்துச்சு. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாத் தெரிஞ்சுது.

நான் கண்ணைக் கொட்டினேன். நிமிந்து பாத்தேன்.

"கூசுதாங்ணா?"

மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு, திரும்ப மாட்டினேன்.

"அண்ணா, என்ன தெரியுது?"

"சிஸ்டரு தெரியறாங்க. கண்ணைத் தொடைச்சுக்கறாங்க."